மாடி வீட்டுக் குழந்தைக் காப்பகத்தில் தீ ஒத்திகை: சின்னப் பிள்ளைகளோடு எப்படிச் செய்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது: சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், சொந்த வீட்டிலேயே 8 பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறீர்கள். இரண்டு பேருக்கு இப்போதுதான் ஒரு வயது, மூன்று பேர் இரண்டு மூன்று வயது, மூன்று பேர் நாலு ஐந்து வயது. கூட ஓர் ஆயா. தீ ஒத்திகை நடத்துவீர்களா என்று ஒரு பெற்றோர் கேட்டிருக்கிறார். இவ்வளவு சின்னதுகளுக்கு அது புரியுமா, பயந்து போய் மறுநாள் வரமாட்டேன் என்று அழாதா என்பது உங்கள் கவலை. பயத்தைச் சமாளிப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை, அதைச் சொல்கிறேன். ஆனால் கேள்விக்குள்ளேயே இன்னொன்று இருக்கிறது: நடக்கத் தெரியாத இரண்டு பேரையும் சேர்த்து எட்டு பிள்ளைகளை இரண்டு பெண்கள் மாடிப்படி வழியாக எப்படி இறக்குவது? குழந்தைக் காப்பகங்களில் வேலை செய்பவர்களுக்குத் தீப் பாதுகாப்புப் பயிற்சி தருவது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்வதானால், ஒத்திகையில் முக்கால் பங்கு பெரியவர்களுக்கும் வீட்டுக்கும்தான். பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியது மிகக் கொஞ்சம்.

அந்தக் கொஞ்சம் எது என்பதை முதலில் பார்ப்போம். இரண்டரை, மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரே ஒரு விஷயம் பழகும்: மணிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசல் கதவுக்கு வர வேண்டும். நாலு ஐந்து வயதில் இதோடு வரிசையில் நிற்பது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவது, பேர் சொன்னால் கை தூக்குவது ஆகியவை வரும். ஒரு வயதுக் குழந்தைக்கு எதுவும் கற்றுத்தர முடியாது. அவசரமாகத் தூக்கினால் அலறாத அளவுக்குப் பழக்கலாம், அவ்வளவுதான். உடையில் தீப்பிடித்தால் நின்று, படுத்து, உருளச் சொல்லித்தரும் பாடத்தை இந்த வயதில் சேர்க்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றையும் கலந்துவிடுவார்கள். மணி அடித்ததும் வாசலுக்கு வருவதற்குப் பதில் நடு ஹாலில் படுத்து உருளுவார்கள். அதைவிட முக்கியமானது ஒளியக்கூடாது என்பது. பயந்த குழந்தை கட்டிலுக்கு அடியிலோ பீரோ இடுக்கிலோ போய் ஒடுங்கும், கூப்பிட்டாலும் பதில் வராது. அதனால் ஒத்திகை நாளில் கண்ணாமூச்சி விளையாட்டு வேண்டாம். மணி அடித்தால் ஆன்ட்டி இருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

மணி எது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். பூஜை மணி வேண்டாம், அது தினமும் அடிக்கும். விசில் வேண்டாம், பதினோரு மணிக்குக் குக்கர் விசில் வரும் வீட்டில் மூன்று வயதுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. காலிங் பெல்லை அறவே தவிர்க்க வேண்டும். கேஸ் கசிந்திருக்கும் வீட்டில் அந்த ஸ்விட்சின் பொறியே போதும். பழைய பள்ளிக்கூடங்களில் கையில் பிடித்து ஆட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு வெண்கல மணி வாங்கி வாசல் கதவுக்குப் பக்கத்தில், பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள். மணியோடு எப்போதும் ஒரே வாக்கியம்: "எல்லாரும் கதவுகிட்ட வாங்க." அதையும் நீங்கள் ஒரு மாதிரி, ஆயா ஒரு மாதிரி சொல்லக்கூடாது. ஒத்திகையில் "தீ, தீ" என்று கத்துவதும் வேண்டாம்.

இனி பயம். குழந்தையைப் பயமுறுத்துவது மூன்று: திடீர்ச் சத்தம், பெரியவர் முகத்தில் பதற்றம், வாசலைத் தாண்டி இழுத்துப் போவது. மூன்றையும் ஒரே நாளில் காட்டாமல் பிரித்துவிட்டால் பிரச்சினை பாதியாகக் குறையும். முதல் வாரம் மணியைக் கையில் கொடுத்து அவர்களையே அடிக்க விடுங்கள். அப்புறம் நீங்கள் அடித்து, கதவுக்கு வந்ததும் ஒரு கைத்தட்டு, திரும்பப் போய் விளையாட்டு. கதவு திறக்க வேண்டாம். இரண்டாம் வாரம் கதவைத் திறந்து மாடி வராந்தா வரை. மூன்றாம் வாரம் படியிறங்கி, கீழே கூடும் இடம் வரை. இந்த மூன்று வாரமும் "இப்போ மணி அடிக்கப் போறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். நாலாவது முறையிலிருந்து சொல்லாமல் செய்யலாம், அதையும் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது தொடங்குங்கள். சாப்பாட்டு நேரம் அடுத்தது, தூக்க நேரம் கடைசி. யார் முதலில் வருகிறார் என்று பந்தயமாக்கி மிட்டாய் கொடுத்தால் படியில் தள்ளுமுள்ளு நடக்கும். யாராவது அழுதால் ஒத்திகையை நிறுத்தாமல் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே முடியுங்கள். நடுவில் நிறுத்தினால் அழுதால் நின்றுவிடும் என்று எட்டு பேரும் கற்றுக்கொள்வார்கள்.

முதல் தடவை வாசல் வரை வந்ததும் ஒன்று நடக்கும். எல்லாப் பிள்ளைகளும் குனிந்து செருப்பைத் தேடுவார்கள். செருப்பில்லாமல் வெளியே போகக்கூடாது என்று நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். இடது வலது பார்த்து, வார் மாட்டி, அடுத்தவன் செருப்பைப் பிடுங்கி, எட்டு பேரும் கிளம்ப இரண்டு நிமிடம் ஓடிவிடும். அந்தச் செருப்பு ஸ்டாண்டும் பெரும்பாலும் கதவுக்கு வெளியே வழியை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். ஸ்டாண்டை வராந்தாவின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். மணி அடித்தால் செருப்பு கிடையாது என்பதைத் தனிப் பாடமாகவே சொல்லுங்கள். மதியம் தரை சுடும், அதனால் கீழே வரை இறங்கும் ஒத்திகையைக் காலை பத்து மணிக்கு முன் வைத்துக்கொள்ளலாம். அடுத்து இரும்பு கிரில் கேட். பிள்ளைகள் ஓடிவிடக் கூடாது என்று பூட்டு போட்டுச் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைப்பது வழக்கம். அது ஆபத்து. பூட்டுக்குப் பதில் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், பிள்ளைக்கு எட்டாது, பெரியவர் இருட்டிலும் ஒரு கையால் திறக்கலாம். பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மணி மாட்டிய ஆணிக்குப் பக்கத்திலேயே சாவியும் இருக்கட்டும். பிள்ளை உள்ளே பூட்டிக்கொள்ளாதபடி பாத்ரூம் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

தூக்க நேரம்தான் எல்லாவற்றையும்விடக் கடினம். சின்னப் பிள்ளைகள் ஆழ்ந்து தூங்கும்போது புகை அலாரம் அலறினாலும் எழாமல் போகலாம் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆகவே அவர்கள் எழுந்து வருவார்கள் என்று திட்டம் போடக்கூடாது. நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் வாசல் கதவு ஹாலுக்குள் திறக்கும், சமையலறைக்குப் பெரும்பாலும் கதவு இருக்காது, படுக்கையறை உள்ளே தள்ளி இருக்கும். சமையலறையில் தீப்பிடித்தால் ஹாலில் புகை சேர்ந்து படுக்கையறைக்கு வழி அடைபடும். மதியத் தூக்கத்தை ஹாலுக்கே மாற்றி, வாசலுக்குப் பக்கத்தில் பாய் விரிப்பது காசு செலவில்லாத பெரிய திருத்தம். ஏசி இருக்கும் அறையில்தான் தூங்க வைக்க வேண்டும் என்று பெற்றோர் சொன்னால், அறைக் கதவை மூடி வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளேயே இருக்க வேண்டும்.

ஒரு வயதுக் குழந்தைகள் தூளியில் தூங்கினால் அதையும் கவனியுங்கள். உள்ளே கம்பு வைத்த சேலைத் தூளியில் ஆழ்ந்து புதைந்திருக்கும் குழந்தையை ஒரு கையால் எடுக்க வராது. ஒரு கையால் சேலையை விரிக்க வேண்டும், இன்னொரு கையைக் குழந்தையின் முதுகுக்கு அடியில் கொடுக்க வேண்டும், தூளியோ அதற்குள் ஆடும். முதலில் கம்பை உருவிவிட்டு, அப்புறம் இரண்டு கையாலும் அள்ளுவதுதான் வேகம். கொக்கியிலிருந்து கழற்றிச் சேலையோடு தூக்கிப் போக நினைக்காதீர்கள், முடிச்சு குழந்தையின் பாரத்தில் இறுகியிருக்கும். குழந்தை இல்லாதபோது அரிசிப் பையைப் போட்டு எடுத்துப் பழகுங்கள்.

ஒரு வயதுக் குழந்தை 9, 10 கிலோ இருக்கும், இரண்டு வயது 12 கிலோ வரும். சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு நீங்களும் ஆயாவும் ஆளுக்கு 10 கிலோ அரிசிப் பை ஒன்றைக் கேரியரில் (குழந்தையை மார்பில் கட்டிக்கொள்ளும் பட்டைப் பை) மார்போடு கட்டிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து இரண்டு மாடி இறங்கிப் பாருங்கள். இரண்டு விஷயம் உடனே தெரியும்: கேரியர் பக்கிளை மாட்ட எவ்வளவு நேரம் ஆகிறது, வயிற்றுக்கு முன்னால் பை இருப்பதால் காலடிப் படி தெரிவதே இல்லை. படியைக் காலால் தடவி இறங்கப் பழக வேண்டும். கேரியர்கள் இரண்டும் உங்கள் உடம்புக்கு அளவு வைத்த நிலையில் மணிக்குக் கீழே தொங்கட்டும். அமெரிக்கக் காப்பகங்களில் சக்கரம் வைத்த தொட்டிலில் நாலைந்து கைக்குழந்தைகளைப் போட்டு வெளியே தள்ளிக்கொண்டு போவார்கள். இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டாம், தரைத்தளத்துக்குத்தான் அது சரி.

இரண்டு கைக்குழந்தைகளும் மார்பில் கட்டியாகிவிட்டால் பெரியவர்கள் இருவருக்கும் கை மிச்சம். ஆயா முன்னால், நீங்கள் கடைசியில். நாலு வயதுக்கு மேற்பட்டவர்கள் நடுவில், சுவர் ஓரமாக அல்லது கைப்பிடி ஓரமாக, ஒரே பக்கம். இரண்டு மூன்று வயதுக்காரர்கள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவார்கள், அந்த வயதின் நடை அது. மொத்த வரிசையின் வேகமும் அவர்கள் வேகம்தான். அதனால் ஆயா கையில் ஒருவர், உங்கள் கையில் ஒருவர், மூன்றாவது ஆள் உங்களுக்கு நேர் முன்னால். முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து ரயில் விடுவது சமதரையில் அருமையாக வேலை செய்யும். படியில் வேண்டவே வேண்டாம். ஒருவன் தடுக்கினால் கயிறு மற்றவர்களையும் இழுக்கும். கீழே இறங்கிய பிறகு கேட் வரை நடக்கக் கயிறு எடுக்கலாம். லிஃப்ட் எந்தக் காரணத்துக்கும் கிடையாது.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆயா பால் வாங்கப் போன நேரத்தில்? ஒரே பெரியவர், நடக்காத இரண்டு பேர், நடக்கும் ஆறு பேர். இதை ஒரே நடையில் முடிக்க முடியும் என்று யாராவது சொன்னால் அவர் செய்து பார்த்ததில்லை. நடக்கும் ஆறு பேரைக் கீழே விட்டுவிட்டு, கைக்குழந்தைகளை எடுக்கத் திரும்ப மேலே வருவதை நான் எப்போதும் மறுப்பேன். கீழே தனியாக நிற்கும் ஆறு பேரும் உங்களைத் தேடிப் படியேறுவார்கள். செய்யக்கூடியது இரண்டு. பிள்ளைகள் இருக்கும் நேரத்தில், அதிலும் மதியத் தூக்க வேளையில், ஆயாவை வெளியே அனுப்பாதீர்கள். அதே மாடியில் பகலில் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் பேசி, மணிச் சத்தம் கேட்டால் வந்து ஒரு குழந்தையை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், ஒத்திகையிலும் அவரைச் சேருங்கள். மூன்றாவதாக ஒரு கைக்குழந்தையைச் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால், இந்த எண்ணிக்கையை வைத்தே முடிவெடுங்கள்.

படிக்கட்டிலேயே புகை இருந்தால் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலான ஒத்திகைகள் தொடுவதே இல்லை. அடுக்குமாடியில் அதுதான் அதிகம் யோசிக்க வேண்டியது. மின்மீட்டர் போர்டுகள் பெரும்பாலும் தரைத்தளத்தில் படிக்குக் கீழேதான் இருக்கின்றன, அதன் பக்கத்திலேயே இப்போது மின்சார ஸ்கூட்டர்களும் சார்ஜ் ஆகின்றன. அங்கே தீப்பிடித்தால் படிக்கட்டு புகைபோக்கி போல ஆகிவிடும். இரண்டாம் மாடியில் கதவைத் திறந்த நொடியில் புகை உள்ளே வரும். ஆகவே கிளம்பும்போது ஆயா கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஒரு சாண் மட்டும் திறந்து, புகை இல்லை என்று தெரிந்த பிறகுதான் வரிசை நகர வேண்டும். புகை இருந்தால் கதவை மூடிவிட்டு, படிக்கட்டுக்கு எதிர்ப்பக்கம் ஜன்னலோ பால்கனியோ உள்ள அறைக்கு எல்லோரும் போக வேண்டும். அந்த அறைக் கதவையும் மூடி, அடி இடுக்கில் ஈரத்துணி திணித்து, 101க்கோ 112க்கோ போன் செய்து எந்த மாடி, எந்தப் பக்க ஜன்னல், எத்தனை பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு, வெளியே தெரிகிற மாதிரி ஒரு வெளிர்நிறத் துணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். மூடிய மரக்கதவு நிறைய நேரம் வாங்கித் தரும். மூன்று ஒத்திகைக்கு ஒன்றை இப்படி நடத்துங்கள்: ஆயா கதவைத் தொட்டு "சூடு" என்பார், வரிசை அப்படியே திரும்ப வேண்டும். பிள்ளைகள் முதலில் குழம்புவார்கள், அதனால் "இன்னிக்கு ஜன்னல் ரூம்" என்பதுபோல ஒரு நிரந்தர வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். புகைக்கு அடியில் தவழ்வதை மூன்று வயதுக்கு மேல் விளையாட்டாகவே கற்றுத்தரலாம்: ஒரு பெட்ஷீட்டை இருவர் தாழப் பிடித்துக்கொண்டு, துணி முதுகில் படாமல் அடியில் போகச் சொல்ல வேண்டும். எல்லார் முகத்திலும் ஈரத்துணி கட்டுவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்; தீயில் உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடை ஈரத்துணி தடுக்காது.

கேஸ் கசிவுக்கு ஒத்திகை அதேதான், சில விலக்குகள் உண்டு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், தவழ்வது இங்கே தவறு. ஸ்விட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூட முடிந்தால் மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வெளியேறி, கீழே போன பிறகு கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் போன் செய்யுங்கள். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை அணைத்துத் தட்டால் மூடினால் போதும். ஏபிசி பவுடர் தீயணைப்பான் (திடப்பொருள், திரவம், கேஸ் தீக்கு உதவும் பவுடர் சிலிண்டர்) ஒன்று வாசல் பக்கம் இருப்பது நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு வாங்கும் சிறிய அணைப்பான் பத்து விநாடி அளவில் காலியாகிவிடும். இரண்டே பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஒருவர் தீயோடு போராடினால் பிள்ளைகளுக்கு ஓர் ஆள் குறைவு. முதலில் பிள்ளைகள். பேட்டரியில் ஓடும் புகை அலாரம் ஒன்றைத் தூங்கும் இடத்துக் கூரையில் மாட்டி மாதம் ஒரு முறை பட்டனை அழுத்திப் பாருங்கள். சமையலறைக்குப் பக்கத்தில் மாட்டினால் தாளிப்புப் புகைக்கே கத்தும், எரிச்சலில் பேட்டரியைக் கழற்றிவிடுவீர்கள்.

கீழே கூடும் இடம் வண்டிகள் நிற்கும் பார்க்கிங்காக இருக்கக்கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் அருகிலும் கூடாது, தீயணைப்பு வண்டி நுழையும் கேட்டை மறைத்தும் கூடாது. ரோட்டைத் தாண்டும் இடமும் வேண்டாம். எட்டு சின்னப் பிள்ளைகளோடு ரோடு கடப்பது தீக்குச் சமமான ஆபத்து. காம்பவுண்டு சுவர் ஓரம் ஒரு மரம், அல்லது பக்கத்து வீட்டு முற்றம் சரியாக இருக்கும். போனதும் சுவரில் முதுகை வைத்து உட்கார வைத்துவிடுங்கள், நின்றால் ஓடுவார்கள். தலையை எண்ணுவதோடு விடாமல் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்; எட்டு என்று எண்ணிய கணக்கில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் இருந்துவிடக்கூடும். அன்றைய வருகைப் பட்டியலும் பெற்றோர் எண்களும் காகிதத்தில் எழுதிய ஒரு சின்ன நோட்டு கேரியரோடு தொங்கட்டும். போன் மேலேயே சார்ஜில் கிடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும்.

எவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டும் என்று அடுத்துக் கேட்பீர்கள். பஞ்சு மெத்தையும் பிளாஸ்டிக் பொம்மையும் நிறைந்த அறை சில நிமிடங்களிலேயே நிற்க முடியாததாகிவிடும் என்பது உறுதி. அதனால் மணி அடித்து ஒரு நிமிடத்துக்குள் வாசலில் கூடுவது, மூன்று நிமிடத்துக்குள் கீழே இருப்பது என்ற இலக்கை வைக்கச் சொல்வேன். இது அனுபவத்தில் வைக்கும் அளவு, சட்டமோ ஆராய்ச்சி முடிவோ இல்லை. உங்கள் படியின் அகலம், பிள்ளைகளின் உடல்நிலை, காது கேளாத அல்லது சத்தத்துக்கு மிகவும் மிரளும் குழந்தை இருப்பது ஆகியவை இதை மாற்றும். வீட்டை நேரில் பார்க்காமல் அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை: மாதம் ஒன்று, புதுப் பிள்ளையோ புது ஆயாவோ சேர்ந்த வாரத்தில் கூடுதலாக ஒன்று. அமெரிக்காவில் பல மாநிலங்கள் வீட்டுக் காப்பக உரிமத்துக்கே மாதம் ஒரு ஒத்திகை கேட்கின்றன. ஒத்திகையால் இரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் எதையாவது நினைவில் வைத்துக்கொள்கிறார்களா என்பது விவாதத்துக்குரியது, ஆனால் பெரியவர்களின் கைகளுக்குப் பழக்கம் வருகிறது என்பதில் விவாதம் இல்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் இறந்தபோது, சமையல் கூடத்திலிருந்து கூரைக்குப் பரவிய தீயும் மாடிக்கு இருந்த குறுகலான படியும் சேர்ந்துதான் அவ்வளவு பேரைப் பலி கொண்டன. பிள்ளைகளை எவ்வளவு பழக்கினாலும் அடைபட்ட வழியைப் பழக்கத்தால் திறக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் நோட்டில் தேதி, நேரம், எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்று எழுதி, எது வழியை மறித்தது என்று ஒரு வரி சேர்த்து, அடுத்த மாதத்துக்குள் அந்த ஒன்றைச் சரிசெய்யுங்கள்.

ஒத்திகை நாளில் காலையிலேயே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும், வாட்ச்மேனிடமும், கீழ்வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வெறுங்காலோடு வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து யாராவது படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். முகமூடியும் ஹெல்மெட்டும் போட்ட தீயணைப்பு வீரரைப் பார்த்து மிரண்டு ஒளிந்த பிள்ளைகள் உண்டு, அதனால் அந்த உடையைப் படத்திலாவது காட்டுங்கள். நேரில் காட்ட வழி இருக்கிறது: 1944 ஏப்ரல் 14 பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது, நிலையங்களில் அப்போது செயல்விளக்கம் காட்டுவார்கள். உங்கள் பகுதி நிலையத்துக்கு மார்ச் மாதமே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். தீயணைப்பு வீரர்களிடம் பிள்ளைகள் முன்னால் முதலில் வெறும் முகத்தோடு நின்று, பிறகு ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.